மார்பகக் கட்டி கல்லாவது ஏன்?



கரமனையில் எங்கள் தெருவில் வசிக்கும் மாமி ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை வேளையில் என்னைத் தனியே அழைத்துச் சென்று ஒரு கேள்வி கேட்டார். “ஏண்டீம்மா, இங்கிலீஷ்ல இருக்கறதையெல்லாம் தமிழ் பண்றவளாச்சே நீ. இதுக்குப் பதில் சொல்லு. ஒடம்பு பூரா மெத்துமெத்துன்னுதானே இருக்கு? அதுக்குள்ளே கல்லு எங்கேர்ந்து வந்தது?” தம் இடது மார்பில் புளியங்கொட்டை அளவில் ஏதோ ஒன்று தட்டுப்படுவதை அவர் நான்கு மாதங்களாக அறிந்திருந்தார். வலி இல்லாமையால் ஒருவரிடமும் சொல்லவில்லை. பக்கத்து ஊரில் இருக்கும் மகளுக்கும் தெரியாது; வீட்டுக்காரருக்கும் தெரியாது.

அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. நான் மருத்துவம் பயின்றவள் அல்லேன். கலைப் பட்டம் பெற்று, மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்புப் பணி புரிபவள். மறு வாரமே மாமியைப் பரிசோதனைக்கு அழைத்துச் சென்றோம். எனினும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. மருத்துவ நண்பர்களிடம் கேட்டும் நூல்களைப் புரட்டியும் நான் அறிந்துகொண்டதை இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு சொல். தமிழில் நாம் ‘கட்டி’ என்கிறோம். வெல்லக்கட்டி, மண்கட்டி என்னும் வழக்குகளில் உள்ளது போல, அச்சொல்லிலேயே கெட்டித்தன்மை அடங்கியிருக்கிறது. மலையாளத்தில் ‘முழ’ என்பர்; அது புடைத்திருத்தலைக் குறிக்கும். இந்தியில் ‘காண்ட்’ என்பர். அதற்கு முடிச்சு என்பது பொருள். வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர் மருத்துவரிடம் பிறமொழியிலேதான் பேச வேண்டியிருக்கிறது. ஆகவே இச்சொற்களை அறிந்து வைத்திருப்பது நன்று. இம்மூன்றனுள் முடிச்சு என்னும் இந்திச் சொல்லே உண்மைக்கு மிக அருகில் நிற்கிறது என்பது என் எண்ணம். காரணம் பின்னால் விளங்கும்.

புற்றுநோய் என்றவுடன் கட்டுப்பாடின்றிப் பெருகும் உயிரணுக்களையே நாம் நினைக்கிறோம். அது சரியே. ஆனால் அந்த உயிரணுக்களே கல்லைப் போல் கடினமானவை என்று எண்ணினால் அது தவறு. தனித்தனியே எடுத்துச் சோதித்துப் பார்த்தால், புற்றுநோய் உயிரணு பெரும்பாலும் இயல்பான உயிரணுவைவிட மென்மையாகவே இருக்கிறது. அவ்வாறாயின் விரலுக்குத் தட்டுப்படும் கடினம் யாருடையது? அது உயிரணுக்களைச் சூழ்ந்திருக்கும் பொருளினுடையது. நம் உடலே நெய்து வைத்த துணியினுடையது.

இப்பொருளை ஆங்கிலத்தில் ‘மேட்ரிக்ஸ்’ என்கிறார்கள். இதை மொழிபெயர்க்க முற்பட்டால் இடர்ப்பாடுதான். அகராதியில் ‘அணி’ என்று இருக்கும், அது கணிதத்துக்குரியது. லத்தீன் மொழியில் தாய் என்னும் சொல்லின் அடியாகப் பிறந்து, கருப்பை என்ற பொருளில் வழங்கியது இச்சொல். உயிரணுக்களைத் தாங்கி வளர்ப்பது என்ற கருத்தில் விஞ்ஞானிகள் இதனைக் கையாண்டனர் போலும். நான் ‘இடைப்பொருள்’ என்றே இங்கு வழங்குகிறேன். உயிரணுக்களுக்கு இடையே உள்ள பொருள் என்று கொள்க. ‘டிஷ்யூ’ என்று நாம் சொல்லும் திசுவின் பெயரோ பிரெஞ்சு மொழியில் ‘நெய்யப்பட்டது’ என்று பொருள்படும். ஆக, நெசவு என்னும் உவமை நான் புகுத்தியது அன்று, பெயரிலேயே இருப்பது.

நெசவு என்றதும் எனக்குப் பாலராமபுரம் நினைவுக்கு வருகிறது. கரமனைப் பாலத்தைக் கடந்து நாகர்கோவில் சாலையில் தெற்கே சென்றால் அவ்வூர் வரும். பாலராம வர்மா மகாராஜா திருவிதாங்கூரை ஆண்ட காலத்தில், அதாவது 1798க்கும் 1810க்கும் இடையில், தமிழ்ப் பகுதியிலிருந்து நெசவாளர்களை வரவழைத்துக் குடியமர்த்திய ஊர் அது. அங்கே குழித்தறியின் முன் நின்று பாருங்கள். இறுகக் கட்டிய பாவு நூல்கள். அவற்றுள் புகுந்து செல்லும் ஊடை. துணி மென்மையாகவும் இருக்க வேண்டும், தாங்கவும் வேண்டும். நம் உடலின் இடைப்பொருளும் அத்தகையதே.

மார்பகத்தின் உள்ளே பால் சுரக்கும் சிறு பைகளும், பாலைக் கொண்டு செல்லும் நாளங்களும் மரக்கிளைகளைப் போல் பரந்திருக்கின்றன. ஒவ்வொரு நாளத்தையும் சுற்றி மிக மெல்லிய உறை ஒன்று உண்டு. அதற்கு அடிச்சவ்வு என்று பெயர். லாமினின் என்னும் புரதமும் ஒரு தனி வகைக் கொல்லாஜனும் சேர்ந்து ஆனது அது. அதற்கு வெளியே தடித்த கொல்லாஜன் இழைகள், ஃபைப்ரோநெக்டின் என்னும் ஒட்டும் புரதம், நீரை ஈர்த்து வைத்திருக்கும் ஹையலுரோனிக் அமிலம், கொழுப்பு ஆகியவை கலந்து நிறைந்திருக்கின்றன. நாளத்தின் உட்புறத்து உயிரணுக்கள் அடிச்சவ்வின் மேல் வரிசையாக அமர்ந்து, எது மேல், எது கீழ் என்று அதைக்கொண்டே அறிகின்றன. இவற்றை எல்லாம் வெறும் நிரப்புப் பொருள், பஞ்சு மெத்தைக்குள் பஞ்சு போல என்றுதான் நெடுங்காலம் கருதி வந்தார்கள்.

இந்த நெசவில் பாவு நூலாக விளங்கும் கொல்லாஜனின் உருவத்தை உலகுக்குக் காட்டியவர்களுள் முதல்வர் நம்மவரே. எர்ணாகுளத்தில் தமிழ்க் குடும்பத்தில் 1922இல் பிறந்த ஜி. என். ராமச்சந்திரன், 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பௌதிகப் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். அப்போது அவருக்கு வயது முப்பதுகூட நிரம்பவில்லை. கொல்லாஜனின் அமைப்பு இன்னும் விடுவிக்கப்படாத புதிர் என்று, சென்னைக்கு வருகை தந்த ஆங்கில விஞ்ஞானி பெர்னல் வழியாக அறிந்தார். அருகிலேயே மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது வாய்ப்பாக அமைந்தது. தோல் என்பது பெரும்பாலும் கொல்லாஜன்தானே! கங்காருவின் வால் தசைநாரிலிருந்து எடுத்த தூய கொல்லாஜனை எக்ஸ்ரே கதிர்களின் முன் வைத்து ஆராய்ந்து, கோபிநாத் கர்த்தா என்பவருடன் சேர்ந்து 1954இல் தம் முடிவை ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார். மூன்று புரிகள் ஒன்றையொன்று சுற்றிப் பின்னிய கயிறு போன்றது கொல்லாஜன் என்பதே அம்முடிவு. மூன்று கால் பின்னல் போட்ட கூந்தலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு புரியிலும் மூன்றில் ஓர் அலகு கிளைசின் என்னும் மிகச் சிறிய அமினோ அமிலமாக இருப்பதால்தான் மூன்று புரிகளும் அவ்வளவு நெருக்கமாக முறுக்கிக்கொள்ள முடிகிறது. நுணுக்கங்களில் பின்னர் கிரிக் முதலியோர் திருத்தம் கூறினர். மூன்று புரி என்ற அடிப்படை நிலைத்துவிட்டது.

அதே 1954ஆம் ஆண்டில், அதே சென்னையில், அடையாற்றில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெருமுயற்சியால் புற்றுநோய் மருத்துவமனை பன்னிரண்டு படுக்கைகளுடன் தொடங்கிற்று. கொல்லாஜனை ஆராய்ந்த கூடமும் புற்றுநோயாளிகள் வந்து படுத்த கூடமும் நடந்து செல்லக்கூடிய தொலைவில் இருந்தன. இவ்விரண்டு பொருள்களுக்கும் இத்தனை நெருங்கிய உறவு உண்டென்று அன்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

அந்த உறவு யாது என்பதை இனிக் காண்போம். உயிரணுவின் மேற்பரப்பில் இன்டெக்ரின் என்னும் கைகள் உண்டு. அக்கைகள் வெளியே இடைப்பொருளைப் பற்றிக்கொண்டு, உள்ளே உயிரணுவின் சட்டத்தோடு இணைந்திருக்கின்றன. இருட்டறையில் நடப்பவர் சுவரைத் தடவி வழியறிவது போல், உயிரணு இக்கைகளால் தன் சூழலைத் தொட்டு அறிகிறது. சூழல் மென்மையாக இருந்தால் ‘அமைதியாக இரு’ என்ற செய்தி உள்ளே செல்கிறது. சூழல் கடினமானால் ‘பெருகு, நகர்’ என்ற செய்தி செல்கிறது.

மார்பகத்தில் கேடுற்ற உயிரணுக்கள் சில தோன்றிவிட்டன என்று வைத்துக்கொள்வோம். அவை அருகிலுள்ள நார் உயிரணுக்களைத் தூண்டுகின்றன. நார் உயிரணுக்களின் தொழில் காயம் பட்ட இடத்தில் கொல்லாஜனை நெய்து தழும்பிட்டு ஆற்றுவது. கட்டியையும் காயம் என்றே நம்பி அவை ஓயாமல் நெய்கின்றன. காயமானால் ஆறும், நெசவும் நிற்கும். இதுவோ ஆறாத காயம். 1986இல் டுவோராக் என்னும் அமெரிக்க மருத்துவ அறிஞர் கட்டிகளை இவ்வாறே வருணித்தார். நெய்வதோடு நில்லாமல், லைசில் ஆக்சிடேஸ் என்னும் நொதி வந்து இழைக்கு இழை குறுக்கே முடிச்சிடுகிறது. தோல் பதனிடுவோர் ஆட்டுத்தோலை ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறவைத்து உறுதிப்படுத்துவதை அறிவீர்கள். அங்கும் கொல்லாஜன் இழைகள் ஒன்றோடொன்று பிணைக்கப்படுவதே நிகழ்கிறது. மாமியின் மார்பில் நடந்தது ஏறக்குறைய அதுதான். முடிச்சு என்ற சொல்லை நான் ஏன் பாராட்டினேன் என்பது இப்போது விளங்கும்.

இதன் விளைவு ஒரு நச்சுச் சுழல். நெசவு இறுகுகிறது, இறுக்கத்தை இன்டெக்ரின் கைகள் உணர்கின்றன, உயிரணுக்கள் மேலும் பெருகுகின்றன, நார் உயிரணுக்கள் மேலும் நெய்கின்றன. எலிகளில் அளந்து பார்த்தபோது, இயல்பான மார்பகத் திசுவைவிடக் கட்டி இருபது மடங்குக்கும் அதிகமாக விறைத்திருந்தது. 2009இல் வெளியான ஆராய்ச்சி ஒன்றில், முடிச்சிடும் நொதியைத் தடுத்துவிட்ட எலிகளில் திசுவின் இறுக்கம் குறைந்தது. நோய் முன்னேறும் வேகமும் தணிந்தது. விறைப்பு நோயின் அடையாளம் மட்டுமன்று, நோயை நடத்திச் செல்வதிலும் பங்கு கொள்கிறது என்பது இதனால் புலனாயிற்று.

இழைகள் எத்திசையில் ஓடுகின்றன என்பதும் முக்கியம். இயல்பான மார்பகத்தில் கொல்லாஜன் இழைகள் சுருண்டு நெளிந்து கிடக்கும். கட்டி வளர வளர, அவை நேராக நீண்டு கட்டியைச் சுற்றி வேலி போல் இழுபட்டு நிற்கும். இன்னும் முற்றியபின், வேலியாக நின்றவையே கட்டியின் விளிம்பிலிருந்து வெளிநோக்கிச் சாலைகளைப் போல் திரும்பிவிடும். அந்தச் சாலைகளைப் பற்றிக்கொண்டு புற்றுநோய் உயிரணுக்கள் வெளியேறும். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தார் 2006இல் எலிகளில் இதைக் கண்டறிந்தனர். 2011இல் 196 பெண்களின் திசுக்களை ஆராய்ந்தபோது, இத்தகைய சாலைகள் காணப்பட்டவர்களுக்கு நோயின் போக்கு கடுமையாக இருந்தது தெரிய வந்தது.

வெளியேறுவதற்கு முன் தாண்ட வேண்டிய வாயில் ஒன்றுண்டு. அதுவே முன் சொன்ன அடிச்சவ்வு. கேடுற்ற உயிரணுக்கள் அதற்குள்ளேயே அடங்கியிருக்கும்வரை நோய் இடம் விட்டுப் பரவாது. சிகிச்சை பெரும்பாலும் முழு வெற்றி தருகிறது. சவ்வைக் கிழித்துக்கொண்டு வெளிவந்தபின் நோயின் தன்மையே மாறிவிடுகிறது. கிழிப்பதற்கான கத்தரிக்கோல் புற்றுநோய்க்கென்றே படைக்கப்பட்டது அன்று. 1962இல் ஜெரோம் கிராஸ், சார்ல்ஸ் லபியேர் என்ற இருவர், தவளைக் குஞ்சின் வால் மறைவது எப்படி என்று ஆராயும்போது அதைக் கண்டுபிடித்தனர். வாலின் கொல்லாஜனைத் துண்டுதுண்டாக வெட்டிக் கரைக்கும் நொதி அது. குழந்தை பால்குடி மறந்தபின் தாயின் மார்பகம் பழைய நிலைக்குத் திரும்புவதற்கும் இவ்வகை நொதிகளே உதவுகின்றன. வீட்டுக் கத்தரிக்கோலைத் திருடன் எடுத்துக்கொள்வது போலத்தான் இது.

இங்கே ஒரு சொல்லைக் குறிப்பிடாமல் செல்ல மனம் வரவில்லை. இயல்பான உயிரணு ஒன்றை அதன் இடைப்பொருளிலிருந்து பிரித்துவிட்டால் அது இறந்துபோகும். பற்றிக்கொள்ள ஏதுமில்லை என்று உணர்ந்தவுடன் தன்னைத் தானே அழித்துக்கொள்கிறது. இந்த மரணத்துக்கு 1994இல் விஞ்ஞானிகள் கிரேக்க மொழியிலிருந்து ‘அனாய்க்கிஸ்’ என்று பெயர் சூட்டினர். வீடின்மை என்பது அதன் பொருள். சொந்த ஊரை விட்டு வந்து வாழும் நாம் அச்சொல்லின் சுமையை எளிதில் உணர்வோம். புற்றுநோய் உயிரணுவோ வீடின்றியும் உயிர் வாழக் கற்றுக்கொள்கிறது. அதனால்தான் இரத்தத்தில் மிதந்து நுரையீரலுக்கும் எலும்புக்கும் செல்ல அதனால் முடிகிறது. அது எவ்வாறு கற்றுக்கொள்கிறது என்பதைப் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் அன்னபூரணி ரங்கராஜன் குழுவினர் ஆராய்ந்து வருகின்றனர். பஞ்ச காலத்தில் சிக்கனத்தைக் காக்கும் உயிரணுப் புரதமாகிய ஏ.எம்.பி.கே. என்பது இதற்குத் துணைநிற்பதை 2014இல் அவர்கள் எடுத்துக்காட்டினர். சென்று சேர்ந்த இடத்திலும் மண் ஏற்றதாக அமைய வேண்டும். லண்டன் மருத்துவர் ஸ்டீஃபன் பேஜெட், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் குறிப்புகளைத் தொகுத்து, விதை எங்கும் விழலாம், ஏற்ற நிலத்தில்தான் முளைக்கும் என்ற கருத்தை 1889இலேயே வெளியிட்டார்.

மாமியின் திசுப் பரிசோதனை அறிக்கை வந்தபோது அதில் ‘டெஸ்மோபிளேசியா’ என்றொரு சொல் இருந்தது. நாரிழை மிகுந்து வளர்ந்திருத்தல் என்பது பொருள். “மாமி, கல்லு வெளியிலேர்ந்து வரலை, நம்ம ஒடம்பு நெய்த துணிதான், முடிச்சு விழுந்து இறுகிப்போச்சு” என்றேன். அவர் சற்று யோசித்து, “அப்போ பிரிச்சுடலாமோல்லியோ?” என்று கேட்டார்.

நேயர்களே, உலகத்து ஆராய்ச்சிக்கூடங்கள் பலவற்றில் இன்று கேட்கப்படும் கேள்வி அதுவே! 1997இல் கலிபோர்னியாவில் மீனா பிஸ்ஸெல் என்ற பெண் விஞ்ஞானியின் குழுவினர் வியப்பூட்டும் சோதனை ஒன்றை வெளியிட்டனர். தாறுமாறாகக் குவிந்து வளரும் மார்பகப் புற்றுநோய் உயிரணுக்களை அடிச்சவ்வை ஒத்த கூழில் வளர்த்து, அவற்றின் இன்டெக்ரின் கைகளில் ஒரு வகையை மறைப்புப் புரதத்தால் தடுத்தார்கள். கேடுற்ற மரபணுக்கள் அப்படியே இருந்தபோதிலும், அந்த உயிரணுக்கள் ஒழுங்காகக் கூடி, இயல்பான பால்பையைப் போன்ற உருவம் எடுத்தன. சூழல் சொல்லும் செய்தியை மாற்றினால் நடத்தையும் மாறும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆயினும் ஆய்வுக்கூடத்துக் கிண்ணம் வேறு, மனித உடல் வேறு. கத்தரிக்கோல் நொதிகளைத் தடுக்க மாரிமாஸ்டாட் என்ற மருந்தை ஆக்கி, பரவிய மார்பகப் புற்றுநோய் கொண்ட பெண்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2004இல் வெளிவந்த முடிவு ஏமாற்றமே தந்தது. நோய் தணியவில்லை, மூட்டு வலிதான் மிஞ்சிற்று. உடல் முழுதும் பயன்படும் கத்தரிக்கோலை ஒரே இடத்தில் மட்டும் பறித்துக்கொள்வது எளிதன்று. ஆகையால், இடைப்பொருளைக் கரைத்து மார்பகப் புற்றுநோயைத் தீர்க்கும் மருந்து இன்று வழக்கில் இல்லை. அப்படி ஒன்று உண்டென்று யாரேனும் விளம்பரம் செய்தால் நம்பற்க. அறுவை, கதிர், மருந்து, ஹார்மோன் தடுப்பு ஆகியவையே சிகிச்சை.

ஆனால் அந்தக் கடினமே நமக்கு ஓர் உதவியும் செய்கிறது: விரலுக்குத் தட்டுப்படுகிறது. 1981இல் நிறுவப்பட்ட திருவனந்தபுரம் வட்டாரப் புற்றுநோய் மையம், இம்மாவட்டத்தில் 2006இல் ஒரு பெரிய ஆராய்ச்சியைத் தொடங்கிற்று. 30 முதல் 69 வயது வரையுள்ள 1,15,652 பெண்கள் இதில் அடங்குவர். ஒரு பாதிப் பகுதிகளில், பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் கைகளாலேயே மார்பகத்தைப் பரிசோதித்தார்கள். விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லை. 2011இல் வெளிவந்த முதற்கட்ட முடிவின்படி, தொடக்க நிலையிலேயே கண்டறியப்பட்ட நோய், பரிசோதனை நடந்த பகுதிகளில் லட்சம் பெண்களுக்கு 18.8 என்றும், மற்றப் பகுதிகளில் 8.1 என்றும் இருந்தது. உயிரிழப்பு குறைந்ததா என்பதைக் கூற அந்த முதற்கட்டம் போதியதன்று. ஆயினும் விரல்களின் ஆற்றல் எத்தகையது என்பது தெளிவாயிற்று. 2022ஆம் ஆண்டுக்கான உலகக் கணிப்பின்படி, நம் நாட்டில் அவ்வாண்டில் மார்பகப் புற்றுநோய் புதிதாக வந்தவர்கள் சுமார் 1,92,000. இறந்தவர்கள் சுமார் 98,000. நோய் முற்றியபின் வருவோர் மிகுதி என்பதை இவ்விரு எண்களின் நெருக்கம் உணர்த்துகிறது.

சில ஐயங்களை இங்கேயே தெளிவுபடுத்திவிடுகிறேன். கட்டி என்றால் எல்லாம் புற்றுநோய் அன்று. குறிப்பாக இளம்பெண்களுக்கு, விரலுக்கு அகப்படாமல் வழுக்கி ஓடும் கட்டிகள் பெரும்பாலும் தீங்கற்றவை. எல்லாப் புற்றுநோயும் கல்லாக இருப்பதில்லை. தோல் குழிவது, முலைக்காம்பு உள்ளிழுக்கப்படுவது, இரத்தக் கசிவு, அக்குளில் நெறி கட்டுவது ஆகியவையும் அறிகுறிகளே. தோல் குழிவதும் காம்பு உள்ளிழுபடுவதும், இறுகிய கொல்லாஜன் இழைகள் உள்ளிருந்து இழுப்பதால்தான். கட்டியின் விறைப்பை ஒலி அலைகளைக் கொண்டு அளக்கும் முறையும் இப்போது வந்திருக்கிறது. எது எவ்வாறாயினும், ஊசி வழியே திசு எடுத்துப் பார்க்காமல் முடிவு கூற இயலாது. வலி இல்லாமை ஆறுதலுக்குரிய செய்தி அன்று.

மாமிக்கு அறுவையும் தொடர்ந்த சிகிச்சையும் முடிந்துவிட்டன. குறித்த காலத்தில் கரமனையிலிருந்து பஸ் ஏறி மெடிக்கல் காலேஜ் நிறுத்தத்தில் இறங்குகிறார். காத்திருக்கும் கூடத்தில் நாகர்கோவிலிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வந்த தமிழ்ப் பெண்கள் பலர் மலையாளப் படிவங்களைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்து அமர்ந்திருப்பார்கள். மாமி அவர்கள் அருகில் சென்று அமர்ந்து, “எதுக்குடீம்மா பயம், குடு பாப்போம்” என்று வாங்கி, வரிவரியாகத் தமிழில் சொல்லிக் கொடுக்கிறார்.